ஒரு ஆள் படுக்கிற நீளம்

காலை நீட்டியாகிவிட்டது, இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் வெட்கம் இரண்டு மடங்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவிநாசி சாலையில், கண்ணாடிச் சுவர் வைத்த கார் ஷோரூமில், நாலு குடும்பம் வேடிக்கை பார்க்க, நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை, சிங்காநல்லூர் தபாலாபீஸில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே வரிசையில் நிறுத்துகிறவள், ஒரு சின்னக் காரின் பின்சீட்டை மடக்கிப் போட்டு அதன்மேல் மல்லாக்கப் படுத்திருக்கிறாள். டிக்கிக் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே அவள் கணவர் திருமூர்த்தி டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் கௌசிகா என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கும் விற்பனைப் பெண், சிரிப்பதா வேண்டாமா என்ற முகத்தோடு. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் ஒரு மெத்தை. ஆமாம், மெத்தை. வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி, கயிறு கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர். கார் வாங்கப் போகிறவர்கள் ஆதார் அட்டை எடுத்துப் போவார்கள், பான் அட்டை எடுத்துப் போவார்கள். மெத்தையோடு போனவர்கள் கோயமுத்தூரில் இவர்களாகத்தான் இருக்கும். வாசலில் நின்ற காவலாளி மெத்தையைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்துங்க, இது கார் கடை" என்றான். அவன்மேல் தப்பில்லை. இந்த ஊரில் சுருட்டிய மெத்தையோடு ஆட்டோவில் இறங்குகிறவர்கள் வேறு எங்கே போவார்கள். திருமூர்த்தி சிரித்துவிட்டார். வசுமதி அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

"தலைக்கு மேல எவ்வளவு எடம் இருக்குது வசு?" என்றார் வெளியிலிருந்து. நாலு விரற்கடை என்று சொன்னாள். "காலு?" கால் சரியாக இருக்கிறது என்றாள். அவளுடைய உயரம் ஐந்தடி ஒன்று. கால் உண்மையிலேயே சரியாக இருந்தது. குதிகால் டிக்கியின் விளிம்பில் பட்டும் படாமல் நின்றது. முதுகுக்குக் கீழே சீட்டு மடிந்த இடத்தில் ஒரு சின்ன மேடு, அது இடுப்புக்குத் தோதாகவே இருந்தது. பக்கவாட்டில் கையை விரித்தால் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் சக்கரத்தின் மேலுள்ள புடைப்பு. இன்னொரு ஆளுக்கு இடமில்லை. இந்த எண்ணம் வந்தபோது உள்ளே ஏதோ ஒன்று, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்த மாதிரி, குதித்தது. குதித்ததை அவள் பார்த்துவிட்டாள். சீ, என்ன பிறவி நான். மனுஷன் எவ்வளவு ஆசையோடு வந்து நிற்கிறார். ஆறு மாதமாகப் போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்: எங்கேயோ ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, பின்னால் மெத்தை போட்டு, டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, தூக்கில் காப்பி குடிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அவளிடம், நாமும் இப்படிப் போகலாம் வசு, வாரத்துக்கு ஆறு நாள் நீ ஆபீசுக்கு எடுத்துக்கிட்டுப் போ, ஏழாவது நாள் வால்பாறை, மேகமலை, லாட்ஜ் தேட வேண்டியதில்லை, தாழ்ப்பாள் சரியில்லை, போர்வை நாறுது என்ற வம்பில்லை, நம்ம வண்டி, நம்ம படுக்கை, என்றார். பையன் புனேக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, வீட்டில் இரண்டு பேர், என்ன பேசுவது என்று தெரியாமல் டிவியைப் பார்க்கிறவர்கள். அந்த மனுஷன் ஏரிக்கரை வரைக்கும் யோசித்துவிட்டார். இவள் கையை விரித்துப் பார்த்து இன்னொரு ஆளுக்கு இடமில்லை என்று சந்தோஷப்படுகிறாள்.

"மேடம், டிக்கியச் சாத்திக் காட்டட்டுமா? உள்ள எப்படி ஃபீலாகுதுன்னு தெரியும்" என்றாள் கௌசிகா. வேண்டாம் என்று சொல்வதற்குள் கதவு இறங்கிவிட்டது. இறங்கியதும் ஷோரூமின் பாட்டு, பேச்சு, குழந்தை ஒன்றின் அழுகை, எல்லாம் பத்தடி தள்ளிப் போய்விட்டன. புது வண்டியின் பிளாஸ்டிக் மணம். அவள் மூச்சு அவளுக்கே கேட்டது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். மூடிய காருக்குள் தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு கிடப்பது அவளுக்குப் பழக்கமான ஒன்று, ஒரே ஒரு நாள் பழக்கம். வேண்டாம், இப்போது அதை நினைக்காதே, தலைக்கு மேல் நாலு விரற்கடை, அதை நினை, பின்சீட்டுத் துணி கறுப்பா சாம்பலா, அதை நினை. நினைக்காதே என்று சொல்லி நின்ற நினைப்பு எது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது வேறு வண்டி, பழைய வண்டி, இதைவிடச் சின்னது. அதில் காலை நீட்ட முடியாது. முழங்காலை மடக்கி, தலைக்கு ஹேண்ட்பேக்கை வைத்துக்கொண்டு படுத்தாள். ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடம். வேப்பமர நிழல். மத்தியானம் ஒன்று நாற்பது.

அதற்கு முன் பதினோரு மாதம். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போதுகூட அவள் அதைச் சேர்த்துத்தான் சொல்வாள், வக்கீல் மாதிரி. திருமூர்த்தியின் அம்மா மாரக்காள் கீழே விழுந்து படுத்த படுக்கையாகி பதினோரு மாதம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டு வசுமதி படுப்பாள். அத்தை வாயால் கூப்பிட மாட்டாள். தொண்டை போய்விட்டது. மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். டங், டங், டங். தண்ணீருக்கு, பெட்பானுக்கு, புரட்டிப் போடுவதற்கு, சில நேரம் ஒன்றுக்குமில்லாமல், இவள் இருக்கிறாளா என்று பார்ப்பதற்கு. கெட்ட பொம்பளை என்று சொல்ல முடியாது. புரட்டிப் போட்டதும் கன்னத்தைத் தடவிக் கொடுப்பாள். அப்படித் தடவிக் கொடுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், ஆத்திரப்படவாவது வழி இருந்திருக்கும். விடிந்ததும் குளித்து, சோறாக்கி, ஆபீஸ் போய், கவுண்டரில் உட்கார்ந்தால் ஸ்டாம்ப் குத்தும் சத்தம்கூட கம்பி தட்டுகிற மாதிரியே கேட்கும். பிறந்ததிலிருந்து அவள் தனியாகப் படுத்ததில்லை. அக்காள் தங்கைகள் நாலு பேர் ஒரே பாயில், ஹாஸ்டலில் அறைக்கு எட்டுப் பேர், பிறகு கல்யாணம், பிறகு பிள்ளை, பிறகு அத்தை. தனியாகப் படுப்பது என்று ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை, அந்த மத்தியானம் வரைக்கும்.

ஐ.சி.யு.வில் ஐந்தாம் நாள். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். கழுத்தில் மாட்டுகிற நீல அட்டை. அது இருக்கிற ஒரு ஆள்தான் கதவைத் தாண்டலாம், பெற்ற பிள்ளையே ஆனாலும் பாஸ் இல்லாவிட்டால் வெளியே பெஞ்சு. அன்றைக்குப் பகல் முறை அவளுடையது. திருமூர்த்தி மோட்டார் பட்டறைக்குப் போயிருந்தார். மருந்துச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். கீழே வந்து மருந்துக் கடையில் வாங்கினாள், அப்போது வரிசையே இல்லை, ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. உடனே தேவையில்லை, சாயங்கால ஊசிக்குத்தான் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். திரும்பும்போது வேப்பமரத்தடியில் தங்கள் வண்டி நிற்பது கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றுதான் கதவைத் திறந்தாள். பிறகு பின்சீட்டை மடக்கினாள். பிறகு போனைச் சத்தமில்லாமல் வைத்தாள். ஒவ்வொன்றையும் அவள் கைதான் செய்தது, வேறு யாரும் செய்யவில்லை. அப்புறம் வந்தது ஒரு தூக்கம். தூக்கமென்றால் அது. கனவில்லை, தட்டுகிற சத்தமில்லை, யாருக்கும் மகளில்லை மருமகளில்லை. முழித்தபோது மூன்று ஐந்து. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து, வண்டியைப் பூட்டி, மாடிப்படி ஏறி ஐ.சி.யு. கதவுக்குப் போக ஐந்து நிமிஷம். இந்தக் கணக்கை அவள் மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எழுந்திருந்தால் மூன்று பத்து. எழுந்திருக்கவில்லை. முழித்துக்கொண்டே கண்ணை மூடி, வேண்டுமென்றே, இன்னும் பத்து நிமிஷம் கிடந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. கழுத்தில் பாஸ் இருந்தது. மூன்று பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள், அத்தையின் கடைசிச் சீட்டில்.

தூங்கிப் போனதை விடு. உடம்பு, அசந்துவிட்டது, யாருக்கும் நடக்கும். அந்த வழியாகப் போய் அவள் பலமுறை தன்னை மன்னித்திருக்கிறாள். மன்னித்துவிட்டு நாலடி வந்ததும் அந்தப் பத்து நிமிஷம் எதிரே வந்து நிற்கும். அது அசதியில்லை. அது சுகம். மேலே திருமூர்த்தி வந்துவிட்டிருந்தார். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, பாஸோடு உள்ளே வாங்க என்று நர்ஸ் கூப்பிட, காவலாளி பாஸ் எங்கே என்று கேட்க, இவர் பெண்டாட்டியிடம் இருக்கிறது என்று சொல்ல, அவன் மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்று போக, இவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பதினேழு தடவை போன் அடித்திருக்கிறார். யாரோ பெரிய டாக்டர் பார்த்துவிட்டு உள்ளே விட்டபோது முகத்தை மூடியிருந்தார்கள். வாயில் ஒரு சொட்டுப் பால் விடவில்லை. பெற்ற ஒரே மகன். வசுமதி ஓடி வந்து நின்றபோது அவர் அழவில்லை, "எங்க வசு போயிருந்த?" என்றுதான் கேட்டார். மருந்துக் கடையில் வரிசை என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். வரிசை. தினமும் அவள் பிழைப்பு அதில்தானே. பின்னால் அந்த நர்ஸ் அவளைத் தனியாகப் பார்த்து, "கடைசியா கட்டில் கம்பியத் தட்டிட்டே இருந்தாங்கக்கா" என்றாள். அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

டிக்கிக் கதவு திறந்தது. "என்ன, தூங்கிட்டியா?" என்று திருமூர்த்தி சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் சட்டென்று எழுந்து தலையை இடித்துக்கொண்டாள். கௌசிகா கை கொடுத்து இறக்கினாள். அவளுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது போலிருக்கிறது. இரண்டு பேருமே டிராவல் பிரியர்களா சார், இதுக்கு முன்னால என்ன வண்டி வெச்சிருந்தீங்க, ஏன் கொடுத்துட்டீங்க என்று கேட்டாள். வசுமதி தரையைப் பார்த்தாள். வரப்போகிறது, அது வரப்போகிறது.

"இருந்துச்சு அம்மணி. என்ற அம்மா தவறினதும் வித்துப்போட்டோம். இவதான் அந்த வண்டி வேண்டாம்னுட்டா. அம்மான்னா இவளுக்கு அத்தன உசுரு. பதினோரு மாசம் கீழ பாய் போட்டுப் படுத்துப் பாத்தா. கடைசி நாளுகூட அம்மாவுக்கு மருந்து வாங்க வரிசையில நின்னுட்டிருந்தா, பாஸு இவகிட்ட, என்னைய உள்ள விடல. ஒன்றரை மணி நேரம் நிக்க வெச்சிருக்கானுங்க அம்மணி, ஒரு பொம்பளைய."

சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது. மூன்று வருஷமாக, கருமாதிக்கு வந்தவர்களிடம், பட்டறையில், கல்யாண வீடுகளில், இப்போது முன்பின் தெரியாத ஒரு கார் விற்கிற பெண்ணிடம். கௌசிகா, "கிரேட் மேடம்" என்றாள். உண்மையாகவே கண் கலங்கியிருந்தாள் அந்தப் பிள்ளை. அந்த வண்டியை ஏன் விற்கச் சொன்னேன் என்று கேள் அம்மணி. ராசியில்லை என்று ஊர் சொல்லிற்று. என்னால் அதன் பின்கதவைத் திறக்க முடியவில்லை, திறந்தால் படுக்கத் தோன்றியது. ஆமாம், அத்தையின் பதினாறாம் நாள்கூட படுக்கத் தோன்றியது. இன்னொன்று கேள். பத்தாம் நாள் இவர் அந்த மருந்துக் கடைக்கே போய்ச் சண்டை போட்டார். இவளை இங்கே வரிசையில் நிற்க வைத்ததால்தான் எங்கம்மா மொகத்தைப் பாக்க முடியலை என்று கத்தினார். அந்தக் கடைக்காரர், அறுபது வயசிருக்கும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்கங்க தம்பி, அன்னிக்குக் கூட்டமா இருந்திருக்கும்" என்று கைகூப்பினார். கூட்டமே இல்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கைகூப்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவும் அவள் மனசுக்குள்ளேயேதான் சொன்னாள். வெளியே, "தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டாள்.

தண்ணீர் குடித்ததும் பெரிய வண்டியைக் காட்டக் கூட்டிப் போனார்கள். வெள்ளை நிறம். பின்சீட்டை மடக்கியதும் ஒரு அறை மாதிரி இருந்தது. திருமூர்த்தி மெத்தையின் கயிற்றை அவிழ்த்து உள்ளே விரித்தார். அளந்து தைத்தது போல உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐம்பத்து மூன்று வயசு மனுஷன், பட்டறைக் கரி விரல் இடுக்கில் நிரந்தரமாகப் படிந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஏறிப் படுத்தார். "வா, நீயும் படு. ரெண்டு பேரும் படுத்துத்தான பாக்கணும்." அவளும் ஏறினாள். பக்கத்தில் படுத்தாள். தாராளமாக இடம் இருந்தது. நடுவில் ஒரு சாண் மிச்சமே இருந்தது. கௌசிகா நாசூக்கானவள், கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். இப்போது இரண்டு மூச்சு கேட்டது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, முதலில் வால்பாறை, அதற்கப்புறம் மேகமலை என்றார். அடுப்பு ஒன்று, சின்னதாக, வாங்க வேண்டும் என்றார். கொசுவலையை ஜன்னலுக்கு அளவெடுத்து அவரே தைப்பாராம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், இந்த வண்டியை வாங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள், ஒவ்வொரு ஏரிக்கரையிலும் பக்கத்தில் இவர் படுத்திருப்பார், காருக்குள் மெத்தையில் படுக்கும் ஒவ்வொரு தரமும் எனக்கு வேப்பமரம்தான் வரும், இவர் அடுத்த டெண்டுக்காரனிடம் என் பெண்டாட்டி வரிசையில் நின்றாள் என்று சொல்வார். சாகும்வரை சொல்வார். சின்ன வண்டி என்றால் தப்பித்துக்கொள்ளலாம். முதுகு வலி என்று ஒரு பொய் சொன்னால் போதும், எனக்குத்தான் பொய் சுலபமாக வருமே. பொய் நாக்கின் நுனி வரை வந்தும்விட்டது.

"ஏனுங்."

"சொல்லு."

"அன்னிக்கு மருந்துக் கடையில வரிசையில்லைங்."

அவர் திரும்பவில்லை. எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. அவள் நிறுத்தினால் அவ்வளவுதான், அடுத்த மூன்று வருஷம் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "அஞ்சு நிமிஷத்துல வாங்கிட்டனுங். வந்து நம்ம வண்டியில படுத்துட்டேன். பின்சீட்ட மடக்கிப் படுத்துத் தூங்கிட்டேன். போனையும் நாந்தான் சத்தமில்லாம வெச்சேன். பாஸு கழுத்துலயேதான் கெடந்துச்சு."

கண்ணாடிக்கு அப்பால் ஒரு குழந்தை வண்டியைச் சுற்றி ஓடி, இவர்களை எட்டிப் பார்த்தது, அதன் அப்பா வந்து இழுத்துக்கொண்டு போனார். திருமூர்த்தியின் வயிறு ஏறி இறங்குவதை வசுமதி பார்த்தாள். கத்திவிட்டால் நன்றாக இருக்கும். இங்கேயே, இந்தப் பெண்ணின் எதிரில், அறைந்தாலும் சரிதான். அவர் கேட்டது வேறு.

"நல்லாத் தூங்குனியா?"

இல்லை என்று சொல்லலாம். அரைகுறையாகத்தான், அத்தை நினைப்பாகவே இருந்தது என்று சொல்லலாம். அதை அவர் ஏற்றுக்கொள்வார், ஏற்றுக்கொள்ளத்தான் கேட்கிறாரோ என்னவோ. "நல்லாத் தூங்குனனுங்" என்றாள். "அந்த மாதிரி நான் எப்பவும் தூங்குனதில்லை. முழிச்ச பொறகும் பத்து நிமிஷம் எந்திரிக்காம கெடந்தேன். தெரிஞ்சேதான் கெடந்தேன். அந்தப் பத்து நிமிஷத்துலதான் அத்தை போனாங்க. அப்பவே எந்திரிச்சிருந்தா நீங்க பாத்திருப்பீங்க."

வசுமதிக்கு மணியைப் பார்க்கக் கை வரவில்லை. பிறகு திருமூர்த்தி முழங்கையை ஊன்றி எழுந்து கண்ணாடியைத் தட்டினார். கௌசிகா வந்து திறந்தாள். அவர் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, மெத்தையை அப்படியே விட்டுவிட்டு, நேராக அந்தச் சின்ன வண்டிக்கு நடந்தார். மேல்துண்டால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறெதுவுமா என்று பின்னால் போன வசுமதிக்குத் தெரியவில்லை.

"இது என்னென்ன கலர்ல வருது அம்மணி?"

"சார், அதுல ரெண்டு பேர் படுக்க முடியாதுங்க. மெத்தை அந்த வண்டிக்குத்தான் கரெக்டா இருந்துது."

"தெரியும்" என்றார். "ஒருத்தரு படுக்கறாப்புல இருந்தாப் போதும்."

அது தண்டனையா, கொடையா, இனி உன்னோடு வரமாட்டேன் என்பதா, போய் நிம்மதியாகத் தூங்கு என்பதா என்று அவள் அவர் முகத்தில் தேடினாள். முகம் டிக்கியின் பூட்டைப் பார்த்துக் குனிந்திருந்தது. ஏரிக்கரை அதில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆறு மாதம் வைத்திருந்த ஏரிக்கரை. வேண்டாங்க, பெரிய வண்டியே வாங்கிக்கலாம், நான் வர்றேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்கு எந்த யோக்கியதையும் இல்லாதவள் போல வாய் மூடிக்கொண்டது. அவர் டிக்கியைத் திறந்தார். பின்சீட்டை அவரே மடக்கினார்.

"கதவச் சாத்துனா உள்ள காத்து வருதான்னு சரியாப் பாக்கல நாம" என்றார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "மறுக்கா ஒருக்காப் படுத்துப் பாரு."

நாலு குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தன. வசுமதி ஏறினாள். காலை நீட்டினாள், நீளம் சரியாகவே இருந்தது. திருமூர்த்தி கதவைச் சத்தமில்லாமல் இறக்கி, அது பொருந்தும் வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துச் சாத்தினார். அவளுக்குக் கண்ணை மூட வெட்கமாக இருந்தது.